போதகர் பூசணியின் பொருட்டு ஒரு விண்ணப்பம்

ஓசூர்
செப்டம்பர் 30, செவ்வாய், பிற்பகல்

மதிப்பிற்குரிய பெரியக்கா ராஜலட்சுமிக்கு, தங்கை சுகுணா எழுதுவது.

பூசணிக்காய் ஜெபம் செய்தால் அது யாரிடம் போய்ச் சேரும்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பூசணியின் பூ, கொடி, பற்றுச்சுருள், விதை எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து பாகம் குறிப்பேன். ஜெபத்தை எந்த இடத்தில் குறிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டவள் உன் தம்பி மகள் ஸ்வாதி, வயது ஆறு. கேட்க வைத்தவள் நீ. ஆகவே விடை சொல்ல வேண்டியவளும் நீயே என்று தீர்மானித்து இதை எழுதுகிறேன்.

நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால், அத்தானின் இருமல், மாடித் தொட்டியின் ஒழுக்கு ஆகிய மூன்றையும் விசாரித்ததாக எடுத்துக்கொள். போன் செய்யலாம்தான், ஆனால் போனில் நீ பேசுவாய், நான் 'ம்' சொல்வேன், நாற்பத்தொன்பது வருடமாக அதுதான் ஏற்பாடு. அதனால் எழுதிப் படம் பிடித்து உன் வாட்ஸாப்புக்கு அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி. இங்கே தம்பி விஜயகுமார், மாதேஸ்வரி, ஸ்வாதி, நான் நால்வரும் நலம். ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். எடை ஒன்பது கிலோ. முறுக்கிய மீசை. மூன்று நாட்களாக என் கட்டிலில் இருக்கிறார். நாளைக் காலை பத்தரை மணிக்குள் அவரை உடைத்தாக வேண்டும் என்கிறான் விஜயகுமார். உடைக்க விடமாட்டேன் என்று நான் ஸ்வாதிக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன். விஷயம் இவ்வளவுதான். இது எப்படி ஆயிற்று என்பதற்கு மே மாதத்திலிருந்து வரவேண்டும்.

முப்பது வருடம் மிஷன் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து நீ ஈட்டிய சொத்து இரண்டு: முழங்கால் வலியும், பிரிவு உபசார விழாவில் கொடுத்த அந்தப் பென் டிரைவும். வலியை நீ வைத்துக்கொண்டு பென் டிரைவை மே விடுமுறைக்கு வந்த ஸ்வாதியிடம் கொடுத்தனுப்பினாய். "காய்கறி எல்லாம் பேசுது, பாட்டுப் பாடுது, பைபிள் கதை சொல்லுது. இதைப் பாத்தா புள்ள காய் சாப்பிடும்" என்று நீ சொன்னதாக மாதேஸ்வரி சொன்னாள். நம் வீட்டில் ஏசுவும் உண்டு, முருகனும் உண்டு, மாதேஸ்வரி பிறந்த வீட்டு மாதேஸ்வர சாமியும் உண்டு. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு மூவரிடமும் ஒரே அளவு பழக்கம்தான். ஆனால் ஒரு குழந்தையை ஒரு பொருளைச் சாப்பிட வைக்க, அந்தப் பொருளுக்குக் கண்ணும் வாயும் மனசாட்சியும் கொடுத்துக் காட்டுவது என்ன புத்தி என்று முப்பது வருடம் குழந்தைகளோடு இருந்த உனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? நாளைக்கே நம் வீட்டு ஆட்டுக்குட்டி திருக்குறள் ஒப்பித்தால் நீ பிரியாணியில் இறங்குவாயா?

'தோட்டத்துச் சபை' என்பது அந்தத் தொடரின் பெயர். முப்பத்திரண்டு பாகம். முப்பத்திரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்; என் அறைக்கு வெளியேதான் டிவி இருக்கிறது, வேறு வழியில்லை. எங்கோ அமெரிக்காவில் எடுத்து, சென்னையில் யாரோ அவசரத்தில் தமிழாக்கியிருக்கிறார்கள். ஒரு முள்ளங்கி, "சகோதரனே, என் இருதயம் மிகவும் வியாகுலப்படுகிறது மச்சி" என்கிறது. வெண்டைக்காய் முழங்காலில் நிற்கிறது. வெண்டைக்காய்க்கு ஏது முழங்கால்? ஒரு கேரட் மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்துவிட்டுச் செரிக்காமல் வெளியே வருகிறது. கத்திரிக்காய் ராட்சதனாக வந்து கல்லடி பட்டு விழுந்து, அடுத்த பாகத்தில் பாடகர் குழுவில் நிற்கிறது. இத்தனை கூட்டத்துக்கும் தலைவர் போதகர் பூசணி. கண்ணாடி போட்டவர், பெரிய மீசைக்காரர், நிதானமான குரல். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் திரைக்கு வெளியே நம்மைப் பார்த்து, "இன்று நீ யாரை மன்னித்தாய்?" என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்வதற்காகச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளிதான் எனக்குப் பிடிக்காது. பதில் இல்லாதவர்களுக்கு அது மிகவும் நீளமாக இருக்கிறது.

ஜூன் முதல் வாரத்தில் ஸ்வாதி காய்கறியை நிறுத்தினாள். சாம்பாரில் கேரட் மிதந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். "இவரு மீனுக்குள்ளயே சாகல, நீ கொதிக்க வெச்சுட்டியேம்மா" என்று மாதேஸ்வரியைப் பார்த்து அழுவாள். தக்காளியைத் தொடமாட்டாள். கத்திரிக்காயையாவது சாப்பிடு, அது ராட்சதன்தானே என்றால், "அவரைத்தான் மன்னிச்சாச்சே" என்பாள். பிறகு மாதேஸ்வரிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் படித்தது பத்தாவது. இந்த வீட்டில் யோசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த அமெரிக்காக்காரர்களுக்குத் தெரியாத காய் எது எது என்று கணக்குப் பார்த்தாள். கொத்தவரங்காய், கோவைக்காய், புடலங்காய், சேனைக்கிழங்கு. இவை தொடரில் வராது. ஆகவே இவற்றுக்கு ஆத்மா கிடையாது. நான்கு மாதமாக இந்த வீட்டில் இந்த நான்கும்தான் மாறி மாறி நடக்கிறது. உலகத்துக்கே தக்காளி அனுப்புகிற ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு புளிக்கரைசலில் ரசம் குடிக்கிறோம். நீ அங்கே வெண்டைக்காய்ப் பச்சடி சாப்பிடுவதாகக் கேள்வி. சாப்பிடு.

காய்கறி போனதோடு நிற்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் போதகரின் கேள்வி வரும். "அப்பா, இன்னைக்கு நீங்க யாரை மன்னிச்சீங்க?" முதல் நாள் விஜயகுமார் பெருந்தன்மையாக, "பட்டறைக்கு வளைஞ்ச ராடு அனுப்புனானே, அந்த சப்ளையரை" என்றான். மறுநாள் அதே ஆள் மறுபடியும் வளைந்த ராடு அனுப்பியதால் மன்னிப்பை ரத்து செய்தான். மாதேஸ்வரி எல்லா நாளும் ஒரே பதில்தான்: "உங்கப்பாவை." அதை அவள் சொல்கிற விதத்தில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. நான், "எனக்கு யார் மேலயும் கோவமில்ல, அதனால மன்னிக்க ஒண்ணுமில்ல" என்றேன். ஸ்வாதி என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பொய்" என்றாள்.

இது வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் லேஅவுட் சங்கத்தின் செயலாளர் பரமசிவம் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், முழுநேரமும் கவலைப்படுகிறவர். தண்ணீர் லாரிக்காரரை வாசல் கேட்டில் நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தவரிடம் ஸ்வாதி போய், "தாத்தா, இன்னைக்கு நீங்க யாரை மன்னிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். லாரிக்காரர் சிரித்துவிட்டார். அதைத்தான் பரமசிவத்தால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே மாடி ஏறி என்னிடம் வந்தார்.

"மேடம், நான் சொல்றன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம லேஅவுட்டுல ஒரு இது நடக்குது."

"எது?"

"காய்கறிய வெச்சு மதம் மாத்தறாங்க."

"யாரை மாத்தறாங்க? காய்கறியவா, கொழந்தையவா? காய்கறின்னா சொல்லுங்க, அது என் டிபார்ட்மெண்ட்."

"நீங்க படிச்சவங்க, வெளையாட்டா எடுத்துக்கறீங்க. இன்னைக்குப் பூசணிக்கா பேசும். நாளைக்கு?"

நாளைக்கு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. சுரைக்காய் பேசுமோ என்னவோ. கீழ் வீட்டில் குடியிருக்கிற நர்ஸம்மா, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க புள்ளைங்க அதைப் பாக்கறதே இல்லைங்க சார். அதுங்க பாக்கறது கொரியாக்காரங்க டான்ஸு" என்றார். பரமசிவத்துக்குக் கவலைப்பட ஒரு புது நாடு கிடைத்தது. இறங்கிப் போனார்.

இனி ஐந்தாமவர் வந்த கதை. விஜயகுமாரின் பட்டறையை நீ பார்த்திருக்கிறாய். நான்கு இயந்திரம், பதினோரு பேர், பெரிய கம்பெனிகளுக்குப் 'புஷ்' என்கிற உலோக வளையம் கடைந்து கொடுக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு ஊரே செய்வதுபோல இவனும் இயந்திரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் உடைத்தான். மறுவாரம் ஆய்வுக்கு வந்த வாடிக்கைக் கம்பெனி அதிகாரி தரையிலிருந்த குங்குமக் கறையைப் படம் பிடித்து, 'எண்ணெய்க் கசிவு, மூன்று இடங்களில்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பயந்து போன வருடம் வெறும் எலுமிச்சம்பழத்தோடு நிறுத்தினான். அதன்பின் மூன்றாம் நம்பர் இயந்திரம் மூன்று முறை நின்றது. இவனும் குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்தான். இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றவில்லை என்பதும், குளியலறையில் சோப்புத் தண்ணீர் இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்த காரணங்கள். அவனுக்குத் தெரிந்த காரணம் எலுமிச்சம்பழம். ஆகவே இந்த வருடம் பாகலூர் ரோட்டில் குவிந்திருந்த பூசணிகளிலேயே பெரியதாகப் பார்த்துச் சனிக்கிழமையே வாங்கி, பட்டறை ஃபோர்மேன் திம்மப்பனிடம் முகம் வரையக் கொடுத்தான்.

திருஷ்டிப் பூசணிக்கு ராட்சத முகம் வரைந்து வாசலில் தொங்கவிடுவார்கள். உடைக்கிற பூசணிக்கு முகம் வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒரே காயில் இருந்தால் இரட்டைப் பலம் என்பது திம்மப்பனின் பொறியியல். தரையில் நடைபாதைக் கோடு போடுகிற மஞ்சள் பெயிண்டால் கண், கழிவுத் துண்டுகளுக்கு அடையாளம் வைக்கிற சிவப்பால் வாய், கருப்பு மார்க்கரால் மீசை. இருபத்திரண்டு வருடமாக அவர் வரைந்தது நேர்கோடு மட்டும்தான். கோரைப்பல் வைக்கப்போய் வாய் மேல்நோக்கி வளைந்துவிட்டது. கண்ணைச் சுற்றி வட்டம் கோணியதால் இன்னொரு வட்டம் போட்டுத் திருத்தியிருக்கிறார், அது கண்ணாடியாகிவிட்டது. ராட்சதன் வரவேண்டிய இடத்தில், கண்ணாடி போட்டு, மீசை வைத்து, எல்லோரையும் மன்னித்துவிட்ட முகத்தோடு ஒருவர் சிரித்துக்கொண்டு எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார்.

ஓவிய வகுப்பிலிருந்து வந்த ஸ்வாதி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். "போதகர் வந்துட்டாரு" என்றாள், மிகவும் மெதுவாக.

நான் என் கடமையைச் செய்தேன். டிவியில் வருவது ஆரஞ்சு நிறப் பரங்கி, இது சாம்பல் பூசணி, பேரினமே வேறு என்று விளக்கினேன். "அப்போ இவரு அவரோட அண்ணன்" என்றாள். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "ஜெபத்துல இருக்காரு." யாரிடம் ஜெபம் என்று கேட்டேன், அங்கேதான் அவள் அந்தக் கேள்வியை என் பக்கம் திருப்பிவிட்டாள். அன்று மதியம் அவருக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. கொத்தவரங்காய்தான்.

ஞாயிற்றுக்கிழமை விஜயகுமார் உண்மையைச் சொன்னான், அதுவும் எப்படி? பல் தேய்த்துக்கொண்டே. "புதன்கிழமை இதை உடைக்கணும் பாப்பா. அப்பதான் மெஷின் ஓடும்." அந்தக் குழந்தை அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. பரமசிவம் மேலே வந்து விசாரித்துவிட்டு, சானமாவுக் காட்டோரம் வைத்துவிட்டால் யானை தின்றுவிடும், யாருக்கும் பாவமில்லை என்று ஒரு சமாதானத் திட்டம் சொன்னார். ஸ்வாதி அழுகையை நிறுத்தி, "யானைக்குள்ள மூணு நாள் இருந்துட்டு வெளிய வந்துடுவாரா?" என்று ஆர்வமாகக் கேட்டாள். எப்படி வெளியே வருவார் என்பதை யோசித்தோ என்னவோ, பரமசிவம் திட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் என்னிடம் வந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அத்தை, யாரும் உடைக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க."

"மாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியத்துல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. சொன்னா சொன்னதுதான்."

விடைத்தாள் முடிய வேண்டுமே என்று சொன்னது. ஆனால் அவள் உடனே அழுகையை நிறுத்தி முகம் கழுவப் போனாள் பார், அப்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. பன்னேர்கட்டா ஜூவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் அப்பா மூன்று முறை சொல்லி மூன்று முறை போகவில்லை. சைக்கிள் என்று அவள் அம்மா சொன்னது இரண்டு பிறந்தநாளைத் தாண்டிவிட்டது. இந்தக் குழந்தை நம்பி இதுவரை ஏமாறாத பெரிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். அந்தப் பெயர் இப்போது ஒரு பூசணிக்காயின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

பாதுகாப்புக்காகப் போதகரை என் அறையில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. வைத்திருக்கிறேன். கட்டிலில் ஒரு பாதி அவருடையது. புடவை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறேன். அது ஒரு ஒழுங்குதான், வேறு காரணமில்லை. வெயில் படுகிறதே என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டதும் காய் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான். நேற்று ஒரு மாணவி, ஒளிச்சேர்க்கை இரவில் நடக்கிறது என்று எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் முழுப் பூஜ்யம் போட மனம் வரவில்லை. அரை மதிப்பெண் போட்டேன்.

வேறு பூசணி வாங்கி உடைத்துக்கொள் என்று விஜயகுமாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவனுக்குச் சம்மதம்தான். திம்மப்பன்தான் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். "கண்ணு தொறந்தாச்சுங்களே மேடம். கண்ணு தொறந்துட்டா அப்பறம் அது காயி இல்லீங்க. நாலு நாளா வீட்டுல இருந்து எல்லாத்தையும் பாத்துனு இருக்குது. இருக்கற திருஷ்டி அத்தனையும் உள்ள வாங்கியிருக்கும். ஒடைக்கலன்னா அது எங்க போவும் சொல்லுங்க?" உடனே விஜயகுமாரும், "ஆமாக்கா, உள்ள வாங்கியிருக்கும்" என்றான். இவன் பொறியியல் பட்டதாரி. நாம்தான் படிக்க வைத்தோம். சாம்பல் பூசணியின் தோலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது, தண்ணீரே உள்ளே போகாது, திருஷ்டி மட்டும் எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். "அக்கா, உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றான்.

கவனித்தாயா? டிவி பார்த்துக் குழந்தை கெட்டுவிட்டது, பூசணிக்குக் காது கேட்கும் என்று நம்புகிறது என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டவர்கள் இவர்கள்தான். பூசணிக்குக் கண் தெரியும் என்று இவர்கள் நம்புகிறார்கள். நான் மட்டும் என்ன உயர்ந்த இடத்தில் வேலை பார்க்கிறேன்? எங்கள் கல்லூரியில் இன்று காலையே பூஜை. நுண்ணோக்கிகளுக்குச் சந்தனம் பூசி, லென்ஸில் குங்குமம் வைத்துவிட்டார்கள். இனி ஒரு மாதத்துக்கு எல்லாச் செல்லும் சிவப்பாகத்தான் தெரியும். முனைவர் பட்டம் வாங்கிய ஒன்பது பேர் கைகூப்பி நின்றோம், என்னையும் சேர்த்து. ஆகவே யோசித்துப் பார்க்கிறேன்: பூசணிக்காய் வெறும் பூசணிக்காய்தான் என்று நம்புகிற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். நீயும் இருக்கலாம், ஆனால் நீ ஊரில் இல்லை.

என் விண்ணப்பம் இதுதான். நாளைக் காலை ஒன்பதரைக்குப் பட்டறைக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன் போன் செய்து இரண்டில் ஒன்றைச் செய். ஒன்று, ஸ்வாதியைக் கூப்பிட்டு, "பெரியத்தை சொல்றேன், அது வெறும் காய்" என்று சொல். பென் டிரைவ் கொடுத்தவள் சொன்னால் நம்புவாள். அல்லது விஜயகுமாரைக் கூப்பிட்டு, "பெரியக்கா சொல்றேன், அது வெறும் காய்" என்று சொல். சின்ன வயதில் உன் கையால் அடி வாங்கியவன், கேட்பான். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். நான் இருவரிடமும் சொல்லியாயிற்று. என் வாயிலிருந்து வந்தால் அது பாடம் நடத்துவதுபோல இருக்கிறதாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பூஜைக்கு உன் தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது ஊசியில் படாமல் வை. நீங்கள் இருவரும் இருமலும் வலியும் இல்லாமல் நீண்டநாள் இருக்க வேண்டும். வீட்டில் மறுபடி தக்காளி ரசம் வைக்கிற நாளில் உங்களை நினைத்து ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிப்பேன்.

உன் தங்கை,
சுகுணா

பின்குறிப்பு, அக்டோபர் 1, புதன், பிற்பகல்:

நேற்று இதை அனுப்பவில்லை. எழுதி முடித்ததும் ஸ்வாதி கூப்பிட்டாள், எழுந்து போனேன், மறந்துவிட்டேன். ஆகவே நீ போன் செய்யாதது உன் குற்றமில்லை. மேலே உள்ளதில் உன்னைக் குற்றம் சொன்ன இடங்களையும் விட்டுவிடலாம். நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்வாதி டிவி முன்னால் இருந்தாள். அந்தப் பென் டிரைவில் முப்பத்து மூன்றாவதாக ஒரு கோப்பு இருந்திருக்கிறது. தொடரை எப்படித் தமிழாக்கினார்கள் என்று காட்டுகிற ஐந்து நிமிடப் படம். நான்கு மாதமாக யாரும் அதைத் திறக்கவில்லை. நானும் பார்த்ததில்லை. தடித்த ஆள் ஒருவர் காதில் கருவி மாட்டி, ஒரு கையில் வடையோடு, "இன்று நீ யாரை மன்னித்தாய்?" என்று கேட்டுவிட்டு மீதி வடையைச் சாப்பிடுகிறாராம். அந்தச் சமயத்தில் நான் உள்ளே போதகரை என் சால்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

காரில் அவரை மடியில் வைத்துக்கொண்டேன். பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நான்கு இயந்திரத்துக்கும் மாலை, பதினோரு பேரும் புதுச் சட்டை. மூன்றாம் நம்பருக்கு மட்டும் இரண்டு மாலை. கற்பூரத் தட்டோடு திம்மப்பன் கை நீட்டினார். "போதகரக் குடுங்க மேடம்." அவரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

பத்தி பத்தியாகப் பேசுவதற்கு வைத்திருந்தேன்; இந்த இரண்டு சொல்லுக்குமேல் எதுவும் வரவில்லை. விஜயகுமார் கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, நல்ல நேரம் முடிய ஏழு நிமிஷந்தான் இருக்கு. ஆளுங்க எல்லாம் பாக்கறாங்கக்கா." பார்க்கட்டும் என்றேன். "அண்ணி, என்ன அண்ணி இது, கொழந்தையே சும்மா இருக்குது" என்றாள் மாதேஸ்வரி. அப்போதுதான் ஸ்வாதியைப் பார்த்தேன். பொரி கடலையை மென்றுகொண்டிருந்தாள்.

"குடுத்துடுங்க அத்தை. அவரு வேற ஒரு அங்கிள். வடை சாப்பிடறாரு, நான் பாத்தேன். அவருக்கு ஒண்ணும் ஆகாது." பிறகு கிட்டே வந்து, நான் அவளிடம் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக, பொறுமையாகச் சொன்னாள்: "இது வெறும் காய் அத்தை. நீங்கதானே சொன்னீங்க? நரம்பே இல்ல, வலிக்காதுன்னு."

யாராவது சொல்ல வேண்டும் என்று உன்னிடம் நான் கெஞ்சிய வாக்கியம் அதுதான். பதினோரு பேர் முன்னிலையில் எனக்குச் சொல்லப்பட்டது. சால்வையைப் பிரித்துக் கொடுத்தேன். திம்மப்பன் மூன்று சுற்றுச் சுற்றி வாசலில், ஆய்வாளர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஓங்கி உடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்வாதி மிகவும் பலமாக. நான்கு இயந்திரமும் ஓடின. மூன்றாம் நம்பரும்தான். மீசையிருந்த துண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் நகர்ந்து நின்றேன்.

மதியம் வீட்டில் மாதேஸ்வரி நான்கு மாதத்துக்குப் பிறகு தக்காளி ரசமும், எண்ணெய்க் கத்திரிக்காயும், கேரட் பொரியலும் செய்திருந்தாள். ஸ்வாதி கத்திரிக்காயை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை போதகரின் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் பதில் தயாராக வைத்திருந்தேன்.

நேற்று மீந்த கொத்தவரங்காய் கொஞ்சம் இருந்தது. ரசத்தையும் கத்திரிக்காயையும் தொடாமல், அதை மட்டும் போட்டுச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.